தலைப்பிலேயே ‘எலி’ என்று போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் அண்ணிக்கு வயது 61. பதினான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரைகளை ஒருநாள்கூடத் தவறவிடாதவர், சென்ற பங்குனியில் இரண்டையும் நிறுத்திவிட்டார். வீட்டில் யாருக்கும் தெரியாது. ஒரு நாளிதழில் வந்த செய்தியைக் கத்தரித்து வைத்துக்கொண்டு, அதில் சொல்லியிருந்த மூலிகையை நாட்டு மருந்துக் கடையில் பொடியாக வாங்கி, காலையும் மாலையும் ஒரு கரண்டி வெந்நீரில் கலந்து குடித்திருக்கிறார். ஓயாத தாகத்தையும் உடல் இளைத்ததையும் நாங்கள் அக்னி நட்சத்திர வெயிலின் மேல் போட்டுவிட்டோம். ஏழாவது வாரம், செருப்புக் கடித்த புண் குதிகாலில் சீழ் வைத்த பிறகுதான் மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். சர்க்கரை 412 இருந்தது.

கட்டிலில் படுத்தபடி அண்ணி என்னிடம் சொன்னார்: “நீங்கள் வேலை பார்த்தது மாதிரி ஓர் இடத்தில்தானே தம்பி இதைச் சோதித்திருக்கிறார்கள்? அந்த நம்பிக்கையில்தான் குடித்தேன்.” எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அன்று சொல்ல முடியாத பதிலைத்தான் இப்போது தங்களுக்கு எழுதுகிறேன்.

நான் ஒரு மருத்துவக் கல்லூரியின் ஆய்வு விலங்குக் கூடத்தில் 33 ஆண்டுகள் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கூண்டு கழுவுவது, உமி மாற்றுவது, தீவனம் வைப்பது, எடை பார்த்துக் குறிப்பேட்டில் எழுதுவது என் வேலை. பட்டம் பெற்றவன் இல்லை. ஆனால் நாவல் கொட்டை, ஆவாரம்பூ, சிறுகுறிஞ்சான், வெந்தயம், கோவை இலை என்று சர்க்கரை நோய்க்காக எங்கள் கூடத்துக்குள் வந்துபோன செடிகொடிகளின் கணக்கு எனக்கு ஓரளவு தெரியும். அந்த ஆய்வுகள் எப்படி நடக்கும் என்பதை வாசகர்களுக்குச் சொல்ல அனுமதியுங்கள். இதை ஆய்வு மாணவர்கள் தங்கள் ஏடுகளில் முறையாகவே எழுதுகிறார்கள். செய்தியாகும்போதுதான் அது காணாமல் போகிறது.

விஸ்டார் என்ற வகை வெள்ளை எலிகள். பெரும்பாலும் ஆண் எலிகள், எல்லாம் ஏறக்குறைய ஒரே வயது, 150 முதல் 200 கிராம் எடை. இவற்றுக்கு இயற்கையாகச் சர்க்கரை நோய் கிடையாது. நாம்தான் வரவழைக்க வேண்டும். ஓர் இரவு பட்டினி போட்டு, ஸ்ட்ரெப்டோசோடோசின் என்ற மருந்தைக் குளிர்ந்த கரைசலில் அப்போதைக்கப்போது கலக்கி ஊசி போடுவார்கள். அது கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களைக் கொன்றுவிடும். சாகிற செல்களில் இருந்த இன்சுலின் எல்லாம் ஒரே நேரத்தில் ரத்தத்தில் கொட்டுவதால், முதலில் சர்க்கரை ஏறாது, அதலபாதாளத்துக்கு இறங்கும். அந்த ஓர் இரவுக்கு மட்டும் தண்ணீர்ப் புட்டியில் குளுக்கோஸ் கலந்து வைப்போம். கலக்க மறந்தால் காலையில் சில கூண்டுகளில் அசைவு இருக்காது. மூன்றாம் நாள் வால் நுனியிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். 250க்கு மேல் இருந்தால் அந்த எலி ஆய்வில் சேரும். எனக்குக் கருவி தேவைப்பட்டதில்லை. நோய் வந்த எலியின் கூண்டில் உமி சொதசொதவென்று நனைந்திருக்கும். மற்ற கூண்டுகளுக்கு வாரத்தில் இரண்டு மூன்று முறை மாற்றுகிற உமியை இவற்றுக்குத் தினமும் மாற்றுவேன்.

பிறகு ஒரு குழுவுக்கு ஆறு எலிகள். ஒரு குழுவுக்கு வெறும் தண்ணீர், ஒன்றுக்கு வழக்கமான மாத்திரை, மற்றவற்றுக்கு மூலிகைச் சாறு. 28 நாள், சில ஆய்வுகளில் 45 நாள். முடிவில் சாறு குடித்த குழுவில் சர்க்கரை குறைந்திருந்தால் அது நல்ல செய்திதான். நானே மகிழ்ந்திருக்கிறேன். ஆனால் அதன் பொருள் என்ன? செல்கள் அழிந்துபோன ஆறு இளம் ஆண் எலிகளில், நான்கு வாரத்தில், சர்க்கரை குறைந்தது என்பது மட்டுமே. அண்ணியின் நோய் வேறு. அவர் உடலில் இன்சுலின் சுரக்கிறது, ஆனால் கல்லீரலும் தசையும் அதன் சொல்லைக் கேட்பதில்லை. அது பல ஆண்டுகளில் மெல்ல வந்தது. உடன் ரத்த அழுத்தமும் இருக்கிறது.

அளவும் வேறு. எலிக்குக் கிலோவுக்கு 400 மில்லிகிராம் கொடுத்தார்கள் என்றால், மனிதருக்கு மாற்ற அதை 6.2ஆல் வகுப்பது வழக்கம் என்று எங்கள் பேராசிரியர் ஒருவர் சொல்லித் தந்தார். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 3.9 கிராம் வருகிறது. அதுவும் இலைப் பொடி கிடையாது; சாராயத்தில் மணிக்கணக்கில் வடித்து, காயவைத்துச் சுரண்டி எடுத்த சாறு. பத்தில் ஒரு பங்கு சாறு தேறும் என்று வைத்துக்கொண்டால் தினமும் 39 கிராம் பொடி வேண்டும். அண்ணி போட்டது இரண்டு கரண்டி. அவர் குடித்ததும் அந்த எலிகள் குடித்ததும் ஒரே பொருளே இல்லை.

மூலிகையின் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. அது பயனற்றது என்று சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை. செடியிலிருந்து நல்ல மருந்து வரும் என்பதற்கு அண்ணி தூக்கி வைத்த மெட்ஃபார்மினே சாட்சி. ஐரோப்பாவில் கலேகா என்ற செடியைப் பழங்காலத்தில் மருந்தாகப் பயன்படுத்தினார்கள். அதிலிருந்த சரக்கு சர்க்கரையைக் குறைத்தது, ஆனால் நஞ்சாகவும் இருந்தது. அதன் உறவுப் பொருளாக 1922இல் மெட்ஃபார்மின் ஆய்வகத்தில் தயாரானது. அதைச் சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து பிரெஞ்சு மருத்துவர் ழான் ஸ்டெர்ன் எழுதியது 1957இல். பிரிட்டனில் உடல் பருத்த நோயாளிகளைப் பத்து ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்து, மெட்ஃபார்மின் எடுத்தவர்களில் இறப்பு 36 சதவீதம் குறைவு என்று அறிவித்தது 1998இல். செடிக்கும் அண்ணியின் மாத்திரை டப்பாவுக்கும் நடுவே இத்தனை மனிதர்கள், இத்தனை ஆண்டுகள். நாளிதழ்ச் செய்தி அந்த இடைவெளியை ஒரே வரியில் தாண்டிவிடுகிறது.

எலியில் பலித்தது மனிதரில் பலிக்காமல் போகலாம் என்பது பலருக்குத் தெரியும். நேர்மாறாகவும் நடக்கும். ஜப்பானில் அகிரா எண்டோ என்ற விஞ்ஞானி கொலஸ்ட்ராலைக் குறைக்கும் பொருளைத் தேடி ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பூஞ்சணங்களைச் சோதித்தார். 1973இல் அரிசியில் பிடித்த ஒரு நீலப் பூஞ்சணத்தில் அது கிடைத்தது. எலிகளுக்குக் கொடுத்தார்கள், கொலஸ்ட்ரால் இறங்கவே இல்லை. ஏறக்குறையக் கைவிடும் நிலை. முட்டைக் கோழிக்குக் கொழுப்புச் சத்து அதிகம் அல்லவா என்று யோசித்து, 1976இல் கோழித் தீவனத்தில் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். ஏறக்குறையப் பாதியாக இறங்கியது. இன்று கோடிக்கணக்கானோர் இதயத்துக்காகச் சாப்பிடும் ஸ்டாட்டின் மாத்திரைகளின் முன்னோடி அதுதான். எலியின் ரத்தத்தில் கொழுப்பு ஓடும் விதமே வேறு; அதற்குப் பித்தப்பைகூடக் கிடையாது. இந்தக் கதையைப் பேராசிரியர் சொன்ன நாளில் நான் கூண்டுகளுக்கு முன்னால் வெகுநேரம் நின்றிருந்தேன்.

ஸ்டாட்டினும் கோழியோடு நின்றுவிடவில்லை. ஸ்கேண்டினேவிய நாடுகளில் 4,444 இதய நோயாளிகளிடம் ஐந்தாண்டுக்கு மேல் நடந்த ஆய்வு 1994இல் வெளியானது. மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 256 பேர் இறந்தார்கள், சிம்வாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் எடுத்தவர்களில் 182 பேர். நான் வாசகனாக எதிர்பார்ப்பது இத்தகைய எண்களைத்தான். எத்தனை பேர், எவ்வளவு காலம், யாருக்கு என்ன நேர்ந்தது?

அயல்நாட்டுக்குக்கூடப் போக வேண்டாம். சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரனும் குழுவினரும் சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரைச் சுமார் இரண்டரை ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2006இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் மூன்றாண்டுக் கணக்கில் 55 சதவீதத்தினருக்கு நோய் வந்தது. நடைப்பயிற்சி, உணவுக் கட்டுப்பாடு என்று வழிகாட்டி விடாமல் பின்தொடர்ந்தவர்களில் 39.3 சதவீதம். மெட்ஃபார்மின் குழுவில் 40.5. அமெரிக்காவில் இதே போன்ற ஆய்வில் 850 மில்லிகிராம் இருவேளை கொடுத்தார்கள். இங்கே 250 இருவேளையே போதுமானதாக இருந்தது. நம் உடம்பில், நம் ஊரில் கிடைத்த அறிவு இது. அண்ணியின் இரண்டு மகன்களும் வாசலில் நிற்பவர்கள்தான். இருவரும் மூலிகைச் செய்திகளைப் பத்துமுறை கைபேசியில் பகிர்ந்திருக்கிறார்கள். இந்த ஆய்வைக் கேள்விப்பட்டதே இல்லை.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். விலங்குகளில் மட்டும் நடந்த ஆய்வு என்றால் தலைப்பிலேயே அதைப் போடுங்கள். ‘எலிகளில் சர்க்கரையைக் குறைத்தது’ என்று எழுதினால் ஒரு சொல்தான் கூடும். மனிதரில் நடந்தது என்று ஆய்வாளர் சொன்னால், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் எண்ணை நிருபர் கேட்கட்டும். 2007இல் தொடங்கிய பதிவேடு அது. 2009 ஜூன் முதல் மருந்து ஆய்வுகளுக்குப் பதிவு கட்டாயம். இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள் என்ற வரியை அடிக்குறிப்பில் பொடி எழுத்தில் தள்ளாமல், செய்தியின் முதல் பத்தியில் வையுங்கள்.

இந்த ஆய்வுகளை நான் குறைவாக நினைக்கவில்லை. முதல் படி இல்லாமல் மாடி ஏற முடியாது. 28ஆம் நாள் காலையில் அந்த எலிகளைக் கூண்டோடு மேசைக்கு எடுத்துப் போனது என் கைகள்தான். ஒவ்வொரு முறையும் மனத்துக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் எடுத்துப் போயிருக்கிறேன். அவை உயிர் கொடுத்துச் சொன்னது என்னவோ அதை மட்டும் மக்களிடம் சேர்க்க வேண்டும் என்பதே என் ஆசை.

அண்ணி இப்போது மாத்திரைகளைத் தொடர்கிறார். புண் ஆற மூன்று மாதம் பிடித்தது. அந்தச் செய்தித் துணுக்கைப் பஞ்சாங்கத்துக்குள் மடித்து வைத்திருந்தார், வாங்கிப் பார்த்தேன். மொத்தம் பதினெட்டு வரிகள். ‘எலிகள்’ என்ற சொல் பதினாறாவது வரியில் ஒரே ஒருமுறை வருகிறது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற ஆய்வு விலங்குக்கூட உதவியாளர்,
கும்பகோணம்.