பெரியவனுக்கு

அன்புள்ள பெரியவனுக்கு அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். களக்காட்டுக் காரியம் நீ சொன்னபடியே முடிந்தது. மற்றவற்றை நேரில் பேசிக்கொள்ளலாம்.

நீ பேசி நாளாயிற்று. நீர்மூழ்கிக் கப்பலில் இருந்த காலத்தில் இதை நான் ஒரு குறையாகச் சொன்னதில்லை. விஜயநாராயணத்தில் 1990-இல் தொடங்கிய ஐ.என்.எஸ். கட்டபொம்மன் என்ற கடற்படை வானொலி நிலையத்தின் கோபுரங்களைக் காட்டி, மிகத் தாழ்ந்த அதிர்வெண் அலைகளே கடல்நீருக்குள் சற்று இறங்கும் என்றும், நீருக்கடியில் இருக்கும் கப்பல் அந்தச் செய்தியைக் கேட்டுக்கொள்ளுமே தவிர அதே வழியில் பதில் சொல்லாது என்றும், பதில் சொல்ல மேலே வந்தால் இருக்குமிடம் வெளிப்பட்டுவிடும் என்றும் நீதான் அம்மாவுக்கு விளக்கினாய். அதன்பின் பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவள் கோபுரத்தை நோக்கிக் கும்பிடுவாள். இப்போது நீ டெல்லியில் மேசை வேலையில் இருக்கிறாய். கைபேசி பக்கத்திலேயே இருக்கிறது.

கீழத்தெரு ராணுவக்காரர் வந்திருந்தார். கமடோர் பதவி உயர்வுப் பட்டியல் வந்துவிட்டதாமே என்றார். வந்தால் அவனே சொல்வான் என்று கூறி, வாழைத்தார் விலைக்குப் பேச்சை மாற்றினேன். உன்னிடமும் நான் கேட்கவில்லை. கமாண்டர் வரை பணிக்காலமே கொண்டுசேர்க்கும், கேப்டன், அதற்கு மேல் கமடோர் என்றால் தேர்வுக் குழுதான் முடிவு செய்யும், மேலே போகப் போக இடங்கள் குறைவு, திறமைசாலிகளே நின்றுவிடுவதுண்டு என்று முன்பு நீ சொன்னதை நான் மறக்கவில்லை, அவ்வளவுதான். மாத்திரையை வேளை தவறாமல் சாப்பிடு.

ஆறாம் வகுப்பில் அமராவதிநகர் சைனிக் பள்ளிக்குப் போனவன், கடக்வாஸ்லா தேசியப் பாதுகாப்பு அகாடமியில் பயிற்சி முடித்து, நீர்மூழ்கி வீரர்களுக்குரிய டால்பின் சின்னம் வாங்கி, ஒரு நீர்மூழ்கிக்கே தலைவனாக இருந்து, அத்தனை பேரையும் பத்திரமாகக் கரை சேர்த்தவன். இந்தத் தெருவில் வேறு யார் அதைச் செய்தார்கள்? நாகர்கோவிலில் பிறந்த சுஷில் குமார் 1998 இறுதியில் கடற்படைத் தளபதியானபோது, அடுத்தது நாங்குநேரிதான் என்று உன் மாமா கடைத்தெருவெல்லாம் சொல்லித் திரிந்தார். அதை மனத்தில் வைத்துக்கொள்ளாதே. அவர் சொன்னதில் எது நடந்திருக்கிறது?

மருமகளிடம் கேட்டால், “வேலை அதிகம், மாமா” என்று சொல்லி வைத்துவிடுகிறாள். நீ சொல்லிக்கொடுத்ததைத்தான் அவள் சொல்கிறாள் என்பது எனக்குத் தெரியாதா? எங்களிடம் பேசாவிட்டாலும் போகிறது, அவளிடமாவது மனம்விட்டுப் பேசு. கோபத்தில் எந்தத் தாளிலும் கையெழுத்திடாதே. முன்கூட்டியே ஓய்வு வாங்குவதென்றாலும் ஆறப்போட்டு முடிவெடு. கையெழுத்து மட்டும் அவசரத்தில் வேண்டாம். மாத்திரையையும் விடாதே.

பிள்ளைகளுக்கு விடுமுறை எப்போது என்று எழுது. திருக்குறள் எக்ஸ்பிரஸில் இடம் கிடைப்பது சிரமம். முன்பதிவு தொடங்கும் அன்றே எடுத்துவிடு. ராணுவக்காரரை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா