89 அதிகாரம் முடிந்தது: கைகொடுத்த எல்லோருக்கும் நன்றி

அன்பான சபை மக்களுக்கும், சபைக்கு வெளியே இருந்து உதவிய உறவுகளுக்கும் ஆண்டவருடைய நாமத்தில் வாழ்த்துகள்.

போன வெள்ளிக்கிழமை இரவு, நம் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான மேல் லயத்தின் இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், உட்கார்ந்து யோவான் 21ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தை வாசித்து, நான்கு சுவிசேஷங்களையும் முடித்தோம். மத்தேயு 28, மாற்கு 16, லூக்கா 24, யோவான் 21. மொத்தம் 89 அதிகாரங்கள். உயிர்த்தெழுதல் பண்டிகைக்கு மறுநாள் திங்கட்கிழமை தொடங்கினோம். திங்கள் முதல் வெள்ளி வரை ஒரு நாளைக்கு ஓர் அதிகாரம் என்று பதினெட்டு வாரம் ஓடிவிட்டது. இடையில் ஒரே ஒரு நாள்தான் விட்டோம். அது கீழ் லயத்தில் சாவு விழுந்த நாள்.

இதை ஒரு நன்றி மடலாக எழுத வேண்டும் என்று அன்றைக்கே தோன்றியது. வாய்ச்சொல்லாகச் சொன்னால் சிலருடைய பெயர் நிச்சயமாக விடுபடும். அப்புறம் யோசித்தால், விடுபடப்போகிறவர்கள்தான் இந்த வேலையை அதிகமாகத் தூக்கிச் சுமந்தவர்கள். அவர்களில் பலருக்குப் பெயர் போட்டால் கூச்சம். அதனால் பெயரில்லாமலே எழுதுகிறேன். யாரைச் சொல்கிறேன் என்று தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் நாம் ஒரு தடவை தொடங்கி விழுந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஒரே வருடத்தில் முழு வேதாகமமும் என்று அட்டவணை போட்டது நான்தான். 1,189 அதிகாரங்கள்; ஒரு நாளைக்கு மூன்று, ஞாயிறு இன்னும் கூடுதலாக. ஆளுக்கொரு தாள் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினோம். ஆதியாகமம் நன்றாகப் போனது, யாத்திராகமம் தட்டுத் தடுமாறிப் போனது, ஜனவரி முடியும்போது லேவியராகமத்தில் எல்லோரும் நின்றுவிட்டோம். “நம்ம சனத்துக்கு வாசிக்க மனசில்லை” என்று நானே அப்போது பலரிடம் சொன்னேன். அந்த வார்த்தையை இன்று இங்கே திரும்பப் பெறுகிறேன். மனசு இருந்தது. கண்ணாடி இல்லை, வெளிச்சம் இல்லை, பக்கத்தில் உட்கார ஆள் இல்லை.

இந்த முறை வழியைக் காட்டியவர் நம் போதகர் ஐயா. புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரங்கள். வாரத்துக்கு ஐந்து என்றால் 52 வாரத்துக்குச் சரியாக வருகிறது என்று அவர் கணக்கை எழுதிக் காட்டியபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அதோடு ஒன்று சொன்னார்: “தனியாக வாசிக்க வேண்டாம். ஒருத்தர் வாசிக்கட்டும், மற்றவர்கள் கேட்கட்டும்.” நம் பாட்டன் பாட்டிமாருக்கு வசனம் வந்தது அப்படித்தானே. 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் என்ற பெயரைக் கேட்டால் இன்று மனசு சுடும். ஆனால் அந்த மிஷனின் உபதேசியார்மார் தோட்டம் தோட்டமாக நடந்து, எழுத்துத் தெரியாத மக்களுக்கு வாசித்துக் காட்டியதால்தான் இந்த மலையில் சபைகள் எழும்பின. ஐயாவுக்கு என் முதல் நன்றி.

முதல் வாரம் கீழ் லயத்தில் வாசித்தபோது நடந்ததைச் சொல்ல வேண்டும். எப்போதும் முன்வரிசையில் உட்காருகிற நம் பெரியவரிடம் வாசிக்கக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். புத்தகத்தைக் கை நீட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்தார், பல்புக்கு நேராகத் தூக்கினார், கொஞ்சம் சாய்த்தார். பிறகு “டீச்சர், நீங்களே வாசிங்க, தொண்டை சரியில்லை” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். வெளியே வந்து நடக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. தொண்டை அல்ல, கிட்டத்தில் எழுத்து மங்குகிற வெள்ளெழுத்து. நாற்பதைத் தாண்டிய பாதிப் பேருக்கு அதே கதை. நாம் அதை எழுத்தறிவுக் குறை என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

தலவாக்கலை டவுனில் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிற நம் சபைப் பிள்ளையிடம் இதைச் சொன்னேன். அடுத்த ஞாயிறு ஒரு பிஸ்கட் டின் நிறைய வாசிப்புக் கண்ணாடிகளோடு வந்து இறங்கினான். தன் சம்பளத்தில் வாங்கியது என்று பிறகுதான் தெரியவந்தது. ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் ஒவ்வொருவராகப் போட்டுப் பார்த்தார்கள். அந்தப் பெரியவர் மூன்றாவது கண்ணாடியைப் போட்டவுடன் பேச்சை நிறுத்திவிட்டார். மத்தேயு 6ஐத் திறந்து, விரலை வைத்து, பரமண்டல ஜெபத்தை மெதுவாக வாசித்தார். மனப்பாடமாகத் தெரிந்த ஜெபம்தான். ஆனாலும் எழுத்து எழுத்தாக வாசித்தார். தம்பி, அந்தக் காலை நேரத்துக்காக உனக்கு நான் எப்படி நன்றி சொல்வது?

எந்த மொழிபெயர்ப்பை வாசிப்பது என்று ஒரு சின்ன உரசல் வந்ததும் உண்மை. பெரியவர்களுக்குப் பழைய வேதாகமத்தின் நடைதான் வேதவசனம். வாலிபர்களுக்கு அது பாதி புரியவில்லை. தோட்டத்தின் பக்கத்துப் பிரிவான டிவிசனில் இருக்கும் கத்தோலிக்கக் குடும்பம் தங்கள் திருவிவிலியத்தைக் கொடுத்து உதவியது. 1995இல் வந்த மொழிபெயர்ப்பு அது. பழையதில் வாசித்துவிட்டு, சிக்கலான இடத்தில் மட்டும் அதைப் பார்ப்போம் என்று முடிவானது. ‘ஆயக்காரன்’ என்றால் யார் என்று பிள்ளைகள் முழித்தபோது ‘வரிதண்டுபவர்’ என்று அது சொன்னது. பெரியவர்களும் ஒத்துக்கொண்டார்கள். விட்டுக்கொடுத்த இரண்டு பக்கத்துக்கும் நன்றி.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனைக்குப் பிறகு பழைய ஏற்பாட்டில் ஒரு கதை. ஜூலையில் நான்கு ஞாயிறு ரூத்தின் நான்கு அதிகாரங்களை வாசித்தோம். கொழுந்து எடுக்கிற நம் அக்காமார் வாயைத் திறந்தது அப்போதுதான். ரூத் சாயங்காலம் வரை கதிர் பொறுக்கி, தட்டி அடித்தபோது ஏறக்குறைய ஒரு மரக்கால் வாற்கோதுமை கண்டது என்று வாசித்ததும், பின்னால் இருந்து ஒரு குரல்: “அது எத்தனை கிலோ டீச்சர்?”

எனக்குத் தெரியவில்லை. ஓய்வு பெற்ற நம் கணக்கு மாஸ்டர்தான் அடுத்த வாரம் பார்த்துக்கொண்டு வந்தார். எபிரெயத்தில் எப்பா என்ற அளவு அது. 22 லீட்டர் அளவுக்கு வரும். வாற்கோதுமை என்றால் 13 கிலோ போல. அக்காமார் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். “அப்ப அரைப்பேருதான் விழும்” என்றார் ஒருவர், அரைநாள் சம்பளம்தான் என்ற கணக்கில். அப்புறம் அவரே, போவாஸ் தன் வேலைக்காரரிடம் அவளுக்காக வேண்டுமென்றே கதிர்களைச் சிந்தவிடச் சொன்ன இடத்தை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தோம். “நிறுக்கிற இடத்தில் குறைக்கிறவங்களைத்தான் பார்த்திருக்கோம். தெரியாத மாதிரி கூட்டிப் போட்ட மனுசன் இவன்.” இத்தனை வருடம் பிள்ளைகளுக்கு ரூத்தின் கதையைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அந்த வசனம் இவ்வளவு கனமானது என்று எனக்குச் சொல்லித்தந்தது கொழுந்துக் கூடை சுமந்த முதுகு. அக்கா, நன்றி.

ஒவ்வொரு அதிகாரத்தையும் குரல் பதிவாக அனுப்பலாம் என்ற யோசனை வாலிபர் சங்கத்துடையது. கொழும்பில் கடைகளில் வேலை செய்கிற நம் பிள்ளைகளுக்காகத்தான் தொடங்கினார்கள். லயத்தில் சிக்னல் கிடையாது. ஆட்டோ ஓட்டுகிற தம்பி தினமும் இரவு தேயிலை ஸ்டோருக்கு, அதாவது தொழிற்சாலைக்கு, மேலே இருக்கிற வளைவு வரை ஏறிப்போய், மழையானாலும் பனியானாலும் நின்று, வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டு வருவார். ஜூனில் காற்று ஆளைத் தள்ளியபோதும் போனார்.

அந்தப் பதிவு குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருக்கும் நம் சகோதரி ஒருவருக்கும் போய்ச் சேர்ந்தது. நாம் ஏழரைக்கு வாசிக்கும்போது அங்கே ஐந்து மணி. ஒரு நாள் மாற்குவை வாசித்தது அவருடைய பன்னிரண்டு வயது மகள். மறுநாள் பதில் வந்தது: “டீச்சர், நேத்து அனுப்பினதை அழிச்சிராதீங்க.” அதற்குப் பிறகு வாரம் இரண்டு நாள் மகளையே வாசிக்க வைத்தோம். லூக்கா 10இல் மார்த்தாள் மரியாள் கதை வந்த இரவு அந்தத் தாய் ஒரு கேள்வி அனுப்பினார்: “மார்த்தாளும் வந்து உட்கார்ந்திருந்தா அன்னைக்கு சமைச்சது யாரு?” இரண்டு இரவு அதைப் பேசினோம், முடிவு வரவில்லை. வீட்டு வேலை செய்கிற ஒருவர் அங்கிருந்து கேட்கும்போது, எளிதாகப் பதில் சொல்லிவிட யாருக்கும் வாய் வரவில்லை. தங்கச்சி, நீங்கள் எங்களோடு இஸ்தோப்பில்தான் உட்கார்ந்திருந்தீர்கள். உங்களுக்கும், தயங்காமல் வாசித்த உங்கள் மகளுக்கும் நன்றி.

சபைக்கு வெளியே இருக்கிறவர்களுக்கு வருகிறேன். மேல் லயத்தில் எங்களுக்கு இரண்டு பக்கமும் இந்துக் குடும்பங்கள். ஏழரை மணி என்றால் டிவியில் நாடகம் ஓடுகிற நேரம். பதினெட்டு வாரமும் அந்த அரைமணி நேரம் சத்தத்தைக் குறைத்து வைத்தார்கள். ஆடியில் மாரியம்மன் கோயில் திருவிழா வந்தபோது வாசிப்பை ஆறரைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். அதற்குள் கோயில் கமிட்டி அண்ணன்மாரே வந்து, “நீங்க எப்பவும் போல வாசிங்க, அந்த நேரம் ஸ்பீக்கரை நிறுத்துறோம்” என்றார்கள். கேட்காமலே செய்த உதவி அது. என்றும் மறக்க மாட்டோம்.

போட்டோகாப்பி எடுத்துத் தந்தவர்கள், கரண்ட் போன இரவுகளில் விளக்கு கொண்டுவந்தவர்கள், தங்கள் காம்பரா அறையைத் திறந்துவிட்டு எல்லோருக்கும் பிளேன்டீ ஊற்றிய அம்மாமார், நாலு மணிக்கு எழுந்து சமைத்துவிட்டு, காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக்கு ஓடி, திரும்பி வந்து தூக்கக் கண்ணோடு உட்கார்ந்து கேட்டவர்கள், எல்லோருக்கும் நன்றி. தூங்கி விழுந்தவர்களும் இதில் சேர்த்தி. வந்து உட்கார்ந்தீர்களே, அதுவே பெரிது.

வருகிற திங்கட்கிழமை அப்போஸ்தலர் நடபடிகள் தொடங்குகிறோம். 28 அதிகாரங்கள். முதல் இரண்டு வாரம் கீழ் லயத்தில், கோடிக் காம்பராவில், அதே ஏழரை மணி. மழையில் படி வழுக்குகிறது. டார்ச் கொண்டுவாருங்கள், பெரியவர்களைக் கைபிடித்துக் கூட்டிவாருங்கள். பிஸ்கட் டின்னில் இன்னும் இரண்டு கண்ணாடிகள் இருக்கின்றன. தேவைப்படுகிறவர்கள் ஆராதனை முடிந்ததும் என்னிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஞாயிறு பாடசாலை டீச்சர்