ஸ்க்ரூ கடைக்காரனுக்கு

பர்மிங்காம்

ராசு,

உன் மெசேஜ் வந்து பதினோரு நாள் ஆச்சு. நீல டிக் விழுந்ததைப் பார்த்து என்னென்ன திட்டியிருப்பாய் என்று தெரியும், மறுபடி எழுத வேண்டாம். இங்கே எல்லோரும் சுகம். பெரியவள் டிரைவிங் டெஸ்டில் மூன்றாம் முறையும் ஃபெயில். பழி என் ஜாதகத்தின் மேல்.

"கவுன்சிலருக்கு நிக்கச் சொல்றாங்க, ஜெயிச்சா மேயர் வரைக்கும் போகலாமாம்" என்று எழுதியிருந்தாய். முதலில் சிரித்தேன். லீடர் எலெக்‌ஷனில் மூணு ஓட்டு வாங்கியவன்தானே நீ, அதில் ஒன்று என்னுடையது. அப்புறம் சிரிப்பு அடங்கிவிட்டது, காரணம் இந்த ஊர்தான்.

நான் தினம் பஸ் இறங்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சதுக்கம், நடுவில் 1880-இல் கட்டிய நீரூற்று. ஜோசப் சேம்பர்லின் உயிரோடு இருக்கும்போதே அவருக்கு எழுப்பிய நினைவுச் சின்னம். ஆள் யார் தெரியுமா? உன் ஜாதிதான்டா, ஸ்க்ரூ வியாபாரி! லண்டனில் பிறந்து, 1854-இல், பதினெட்டு வயதில், மாமா நெட்டில்ஃபோல்டின் ஸ்க்ரூ தொழிலைப் பார்த்துக்கொள்ள இங்கே வந்தார். அதற்கு முன்பெல்லாம் மரத்தில் திருகும் ஸ்க்ரூவின் முனை மொட்டையாக இருக்குமாம். முதலில் துளை போட்டுவிட்டுத்தான் திருக வேண்டும். தானே துளைத்துக்கொண்டு இறங்கும் கூர்முனை ஸ்க்ரூவுக்கான அமெரிக்க மெஷினின் உரிமையை மாமா வாங்கினார், அதை வியாபாரமாக்கியது மருமகன். கல்லாவில் உட்கார்ந்தபடி நீ டப்பாவிலிருந்து அள்ளி எடை போடுகிறாயே, அதே சாமான்தான்.

1873 நவம்பரில் மேயர். அடுத்த வருஷமே கம்பெனிப் பங்கை விற்றுவிட்டு முழு நேரமும் டவுன் ஹால். இந்த இடத்தை இன்னொரு தரம் படி. நீயோ கடையையும் வைத்துக்கொண்டு, வார்டையும் பார்த்துக்கொண்டு, சாயங்காலம் கேரம் போர்டும் ஆடலாம் என்று நினைக்கிறாய்.

ஊரில் விளக்கெரிக்க கேஸ் தரும் தனியார் கம்பெனி இரண்டு. 1875-இல் ஏறத்தாழ 20 லட்சம் பவுண்டு கொடுத்து இரண்டையும் நகராட்சிக்கு வாங்கினார். கடன்தான், ஆனால் வியாபாரிக் கணக்கு, முதல் வருஷத்திலிருந்தே லாபம் வந்தது. அடுத்து தண்ணீர்க் கம்பெனி, 13.5 லட்சம் பவுண்டு. அங்கேதான் மனுஷன் எனக்குப் பிடித்துப்போனார். கேஸில் நகராட்சி சம்பாதிக்கட்டும், தண்ணீரில் லாபம் பார்க்கக் கூடாது, மிச்சம் வந்தால் விலையைக் குறைக்க வேண்டும் என்றார். அழுக்குக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து ஜனங்கள் செத்துக்கொண்டிருந்த காலம் அது. சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்த உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ரொம்பப் புகழ்கிறேன் என்று நினைக்காதே. சேரிகளை இடித்து கார்ப்பரேஷன் ஸ்ட்ரீட் என்று அகலமான கடைவீதி போட்டார். நேற்றுகூட அங்கேதான் செருப்பு வாங்கினேன். இடிபட்ட வீட்டுக்காரர்களுக்குப் பதில் வீடு பெரிதாக ஒன்றும் கட்டித் தரவில்லை. அந்தத் தெருவில் நடக்கும்போதெல்லாம் எனக்கு நம் வாய்க்கால்மேட்டு வீடுகள்தான் ஞாபகம் வருகின்றன. அங்கே குடியிருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று நீயும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. கவுன்சிலரானால் நீ கேட்டாக வேண்டும்.

1876-இல் பார்லிமென்டுக்குப் போகும்போது நண்பர் ஜெஸ்ஸி காலிங்ஸுக்குக் கடிதம் எழுதினார்: பூங்கா, தெருத்தளம், சந்தை, கேஸ், தண்ணீர் என்று எல்லாம் மூன்று வருஷ வேலையில் ஊருக்கு வந்துவிடும் என்று. நியாயமான பெருமைதான். மந்திரியாகி, தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் யுத்தம் வரை போன கதையை இன்னொரு நாள் சொல்கிறேன்.

ஆனால் அந்த மூன்று வருஷத்துக்கு நடுவில், 1875-இல், அவர் மனைவி ஃபுளோரன்ஸ் பிரசவத்தில் இறந்துபோனார். முதல் மனைவியும் 1863-இல் அப்படியேதான் போனார். பேருக்கும் கேஸுக்கும் தண்ணீருக்கும் நடுவில் இந்த ஒரு வரி எனக்குத் தொண்டையில் சிக்கிக்கொண்டது. உனக்குப் பதில் எழுத இத்தனை நாள் ஆனது அதனால்தான்.

சாந்திக்கு ஆபரேஷன் முடிந்து நாலு மாசம்தானே ஆகிறது? இந்த எலெக்‌ஷன் பேச்சு அவளுக்குத் தெரியுமா, இல்லை கட்சிக்காரர்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கும்போதுதான் தெரியப்போகிறதா? அவளிடம் பேசிவிட்டு சனிக்கிழமை போன் பண்ணு, உன் நேரம் ராத்திரி ஒன்பதுக்கு மேல். ஸ்பீக்கரில் போடாதே.

குமார்