வேறு டைலரிடம் பிரித்த தையல்

அன்பு செல்வம்,

போட்டோ வந்தது. சிங்கப்பூர் ஜிம் மெஷினில் ஏறி நின்றாய், உயரத்துக்கு எடை சரியா என்று பார்க்கிற பிஎம்ஐ 22, எல்லாம் பச்சைக் கோடு. அம்மா தெருவில் நாலு பேரிடம் காட்டிவிட்டாள். எனக்கு மட்டும் சந்தோஷம் வரவில்லை, கோபித்துக்கொள்ளாதே.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நெஞ்சுவலியில் நான் படுத்தபோது என் எடை 62 கிலோ. ஐந்தடி ஐந்தங்குல ஆளுக்கு அதுவும் பச்சைக் கோடுதான், இடுப்பு மட்டும் 37 இஞ்சி. நாற்பது வருஷமாக ஊரார் இடுப்பையெல்லாம் அளந்து நோட்டில் எழுதியவன் என் இடுப்பை அளக்கவே இல்லை, ஏனென்றால் கட்டுவது லுங்கி. பேண்ட் என்றால் பட்டன் மாட்டும்போதே தெரிந்துவிடும். லுங்கியைக் கொஞ்சம் தளர்த்திச் செருகிக்கொண்டால் தீர்ந்தது. இந்த யாங்கோனில் பாதிப் பேர் தொப்பை அப்படித்தான் ஒளிந்துகிடக்கிறது.

அப்போது டாக்டர் ஒரு கதை சொன்னார். பூனாவில் யாஜ்னிக் என்று ஒரு டாக்டர், லண்டனில் யுட்கின் என்று ஒருவர், இரண்டு பேருக்கும் பிஎம்ஐ 22.3. கொழுப்பை அளந்தால் லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், நம்மாளுக்கு 21.2! 2004-ல் லான்செட் என்கிற டாக்டர்கள் பத்திரிகையில் இரண்டு பேரும் தங்கள் போட்டோவோடு போட்டார்கள். நம் உடம்புவாகு அப்படி, கை கால் மெலிந்திருக்கும், கொழுப்பு வயிற்றுக்குள்ளே போய்க் குடலையும் ஈரலையும் சுற்றி உட்காரும். சர்க்கரை, கொலஸ்ட்ரால், அப்புறம் நெஞ்சடைப்பு என்று வரிசையாகக் கொண்டுவருவது அதுதான். வெளியே கிள்ளினால் வருகிற சதை அவ்வளவு மோசமில்லை.

மெஷின் காட்டுகிற கொழுப்பு சதவீதத்தையும் பெரிதாக நம்பாதே. காலில் லேசாகக் கரண்ட் விட்டு உடம்பிலுள்ள தண்ணீரை வைத்துக் கணக்குப் போடுகிறது. வியர்த்துவிட்டு ஏறினால் ஒரு நம்பர், தண்ணீர் குடித்துவிட்டு ஏறினால் இன்னொன்று.

இஞ்சி டேப் போதும். பெல்ட் போடுகிற இடத்தில் இல்லை, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை விட்டபிறகு. வயிற்றை எக்காதே. டேப்பைக் கண்டாலே எக்காத கஸ்டமரை நான் பார்த்ததில்லை, அதனால்தான் ஏதாவது பேச்சுக் கொடுத்துக்கொண்டே அளப்பேன். நம்மவர்களில் ஆம்பளைக்கு 90 சென்டிமீட்டர் தாண்டக்கூடாது, முப்பத்தைந்தரை இஞ்சி. பொம்பளைக்கு 80, மருமகளிடமும் சொல். அதைவிட எளிது, உயரத்தில் பாதிக்குள் நிற்கவேண்டும். நீ 66 இஞ்சி, பாதி 33.

உன் கல்யாண பேண்ட் என் நோட்டில் 31. போன திஞ்சானுக்கு, பர்மா புதுவருஷத்துக்கு, வந்தபோது லுங்கியிலேயே திரிந்தாய், ஆனால் ஒரு பேண்டை விட்டுப்போனாயே, அதை அளந்தேன்: 35. பின்தையலைப் பிரித்துவிட்டிருக்கிறாய், அதுவும் வேறொரு டைலரிடம்!

நான் டின்பால் டீயை விட்டுவிட்டேன், காலையில் கண்டவ்ஜி ஏரிப் பக்கம் நடக்கிறேன். 37 இப்போது 34, இன்னும் ஒன்றரை இஞ்சி பாக்கி. அடுத்த வாரம் பக்கத்து வீட்டுப் பையன் அங்கே வருகிறான், என் பழைய டேப்பைக் கொடுத்தனுப்புகிறேன். அளந்து எழுது. பிரஷர், சர்க்கரை, கொலஸ்ட்ரால் மூன்றையும் பார்த்து அதையும் சேர்த்து எழுது.

அப்பா