‘ஸ்காட் 3’ திகட்டுகிறது என்கிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஸ்காட் வாக்கர் ரசிகர்களே,

பாடகர் ஸ்காட் வாக்கரின் ‘ஸ்காட் 3’ என்ற 1969-ஆம் ஆண்டு இசைத்தட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் உங்களில் பலர் ஒரே மாதிரிதான் சொல்கிறீர்கள். குரல் அபாரம், வரிகள் அருமை, ஆனால் அந்த வயலின்கள்தான் தாங்கவில்லை. ஒரே தித்திப்பு, ஹோட்டல் வரவேற்பறையில் ஓடுகிற இசை மாதிரி இருக்கிறது. இதைச் சொன்ன கையோடு அடுத்த தட்டான ‘ஸ்காட் 4’ பக்கம் போய்விடுகிறீர்கள். இன்னும் சிலர் நேரே 1995-க்குத் தாவி, அந்த ஆண்டு வந்த ‘டில்ட்’ தட்டில் இருந்துதான் உண்மையான ஸ்காட் தொடங்குகிறார் என்கிறீர்கள். நான் எழுதுவது அந்த வயலின்களுக்காக.

முதல் பாட்டையே எடுத்துக்கொள்வோம். மழை நாளில், முன்பு ரயிலில் சந்தித்த ஒரு பெண்ணை நினைத்துக்கொள்கிறவனின் பாட்டு. கிட்டார் நிதானமாக நடக்கிறது. அதற்கு மேலே, ரொம்ப உயரத்தில், வயலின்கள் ஒன்றோடொன்று ஒட்டாத சுரங்களைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கின்றன. மெட்டு நகர்கிறது, குரல் நகர்கிறது, அந்த இழை மட்டும் இறங்கி வர மறுக்கிறது. சத்தம் குறைவுதான். செல்போன் ஸ்பீக்கரில் கேட்டால் ஏதோ இரைச்சல் என்று காது தள்ளிவிடும்; நல்ல ஹெட்போனில் கேட்டால் பல் கூசும். நடுவில் ஓரிடத்தில் அது விலகி, எல்லோரும் எதிர்பார்க்கிற இதமான தந்தியிசை உள்ளே வரும்போதுதான் மூச்சு விட முடிகிறது. அப்புறம் மறுபடியும் அதே கூச்சம். நீங்கள் தித்திப்பு என்று தள்ளுகிற அந்த இதம் எவ்வளவு கொஞ்ச நேரம் வருகிறது, எதற்கு நடுவில் வருகிறது என்று கவனித்துக் கேளுங்கள். பாடுகிறவன் அமைதியாகத்தான் பாடுகிறான். அவனுக்கு மனசு சரியில்லை என்பதை நமக்குச் சொல்வது அந்த வயலின்கள்தான். அவற்றை எடுத்துவிட்டால் மிஞ்சுவது அழகான ஒரு காதல் பாட்டு, அவ்வளவுதான்.

இதை எழுதிய கை யாருடையது என்று உங்கள் விமரிசனங்களில் தேடினால் பெரும்பாலும் கிடைப்பதில்லை. உறையில் இருக்கும் பெயர் வாலி ஸ்டாட். பிபிசி வானொலியின் ‘கூன் ஷோ’ நகைச்சுவை நிகழ்ச்சிக்கு இசை அமைத்தவர், லண்டனில் பிலிப்ஸ் கம்பெனியின் இசைத்தட்டுகளுக்கு ஆண்டுக்கணக்காக ஆர்க்கெஸ்ட்ரா எழுதியவர். 1972-இலிருந்து ஏஞ்சலா மோர்லி என்ற பெண்ணாக வாழ்ந்து, அந்தப் பெயரிலேயே இரண்டு முறை ஆஸ்கர் பரிந்துரை பெற்று, 2009-இல் காலமானார். எந்த நேரமும் இனிமையாக எழுதத் தெரிந்த ஒருவர், இந்த இடத்தில் இனிமை கூடாது என்று முடிவெடுத்திருக்கிறார். தயாரிப்பாளர் ஜான் ஃபிரான்ஸும் அதை அப்படியே போக விட்டிருக்கிறார். பாட்டுச் சந்தையில் முன்னணியில் இருந்த ஒரு பாடகரின் தட்டு, அதன் முதல் பாட்டே இப்படி! எனக்கு இன்றைக்கும் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

அந்தக் காலத்தில் இது யாருக்கும் புரியவில்லை என்றும் எழுதுகிறீர்கள். ‘ஸ்காட் 4’க்கு அது ஓரளவு பொருந்தும். அதே ஆண்டில் நோயல் ஸ்காட் எங்கெல் என்ற சொந்தப் பெயரில் வந்தது, விற்பனைப் பட்டியலில் இடமே பிடிக்கவில்லை. ஆனால் ‘ஸ்காட் 2’ பிரிட்டனில் முதலிடத்துக்குப் போனது. ‘ஸ்காட் 3’ மூன்றாம் இடம் வரை ஏறியது. வாங்கியவர்கள் யார்? ஸ்காட் முன்பு பாடிய பாப் குழுவான வாக்கர் பிரதர்ஸ் மேடையேறும்போது கூச்சல் போட்ட இளம்பெண்கள் அந்தக் கூட்டத்தில் நிறையப் பேர் இருந்திருப்பார்கள். அவர்களை ரசனை இல்லாத கும்பல் என்று நீங்கள் போகிறபோக்கில் எழுதிவிடுகிறீர்கள். எனக்கு அது வருத்தமாக இருக்கிறது. பல் கூசும் அந்தத் தட்டைக் காசு கொடுத்து வாங்கி வீட்டில் சுழலவிட்டவர்கள் அவர்கள். ஸ்காட்டின் பெருமையை 1981-இல் பாடகர் ஜூலியன் கோப் அவருடைய பாட்டுகளில் ஒரு தொகுப்பு போட்டு உலகத்துக்கு நினைவூட்டினார், சந்தோஷம். அதற்குப் பன்னிரண்டு ஆண்டு முன்பே கேட்டவர்களுக்கும் ஒரு மரியாதை வேண்டாமா?

குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. பாட்டுகளில் பாதிக்கு மேல் திஸ்ர நடையில், அதாவது மூன்று மூன்று தட்டாக, மிதந்து போகின்றன. ஒரே மூச்சில் கேட்கும்போது எது எங்கே முடிந்தது என்று குழம்புகிறது. இதைச் சொல்லித் திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். கடைசியில் வரிசையாக வரும், பெல்ஜியப் பாடலாசிரியர் ழாக் பிரெல் எழுதிய மூன்று பாட்டுகளும் எனக்குத் தேவையாகப் படவில்லை. முதல் இரண்டு தட்டுகளிலும் பிரெல் பாட்டுகள் ஆங்காங்கே கலந்து இருந்தன. இங்கே வாக்கரின் சொந்தப் பாட்டுகள் பத்தும் முடிந்த பிறகு இவை ஒட்டுப் போட்டது போல நிற்கின்றன.

வெறும் கிட்டாரும் குரலுமாக ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும் ‘30 செஞ்சுரி மேன்’ மட்டும் போதும் என்று அதைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. நல்ல பாட்டு, சந்தேகமில்லை. ஆனால் அது தட்டின் இரண்டாம் பக்கத்தைத் தொடங்கி வைக்கிற பாட்டு. ஒரு பக்கம் முழுக்க ஆர்க்கெஸ்ட்ராவில் நனைந்துவிட்டு, தட்டைத் திருப்பி வைத்ததும் திடீரென்று ஒற்றைக் கிட்டார் கேட்கிறது. அந்த வெறுமையின் ருசி, முதல் பக்கத்தைக் கேட்டவருக்குத்தான்.

‘டில்ட்’ ரசிகர்களிடம் ஒன்று கேட்கிறேன். நீங்கள் கொண்டாடுகிற அந்தத் தட்டின் முதல் பாட்டிலும் குரலைத் தாங்கி நிற்பது தந்திக் குழுதானே? அங்கே அதைத் துணிச்சல் என்கிறீர்கள். 26 ஆண்டு முன்பு இதே பாடகருக்குப் பின்னால் வயலின்கள் ஒட்டாத சுரத்தில் நின்றபோது அதை ஹோட்டல் இசை என்கிறீர்கள். நீங்கள் தேடுகிற பிற்கால ஸ்காட் ‘ஸ்காட் 3’இன் முதல் நிமிடத்திலேயே இருக்கிறார்.

உங்கள் பட்டியலில் ‘ஸ்காட் 4’ முதலிடத்தில் இருக்கட்டும், தகராறு இல்லை. நான் கேட்பது இரண்டுதான். மதிப்பெண் போடுவதற்கு முன் முதல் பாட்டை ஹெட்போனில் ஒரு தடவை, குரலை விட்டுவிட்டு வயலினை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள். அதன் பிறகும் திகட்டுகிறது என்றே தோன்றினால் தாராளமாக எழுதுங்கள், ஆனால் அந்த இசையை எழுதிய ஏஞ்சலா மோர்லியின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்