ஆசிரியருக்குக் கடிதம்: ஒற்றைப் படமும் ஒளிப்பட நூலும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் கலைப் பகுதியில் இன்றைய ஜப்பானிய ஒளிப்படக் கலைஞர்களைப் பற்றி வெளியான கட்டுரையை இருமுறை படித்தேன். தமிழில் அதிகம் பேசப்படாத ஒரு துறைக்கு எட்டுப் பக்கங்கள் ஒதுக்கியமைக்கு முதலில் நன்றி. ஆயினும், கலைஞருக்கு ஒரு படம் என்ற கணக்கில் எடுத்து அடுக்கி, எல்லாவற்றுக்கும் பொதுவாக ‘ஜப்பானிய மௌனம்’ என்று பெயர் சூட்டியிருப்பது அவர்கள் செய்துவரும் வேலையின் தன்மைக்கே பொருந்தவில்லை என்பதைச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ஜப்பானில் ஒளிப்படக்காரரின் படைப்பு என்பது பெரும்பாலும் சுவரில் மாட்டும் படம் அன்று. கையில் எடுத்துப் புரட்டும் நூல். போருக்குப் பிந்தைய பல பத்தாண்டுகளில் அங்கே ஒளிப்படங்களை விலை கொடுத்து வாங்கிச் சேர்ப்போரும், அவற்றை விற்கும் கூடங்களும் மிகக் குறைவாகவே இருந்தமையால், படங்கள் மக்களைச் சென்றடைந்தது 1926 முதல் 2020 வரை வெளிவந்த ‘அசாஹி கேமரா’ போன்ற இதழ்களின் வழியாகவும் நூல்களின் வழியாகவும்தான். எந்தப் படத்துக்குப் பின் எதை வைப்பது, எங்கே வெற்றுப் பக்கம் விடுவது, எதை இரு பக்கங்களிலும் பரவ விடுவது என்பவையெல்லாம் அங்கே படமெடுப்பதற்கு இணையான வேலைகள். சிலப்பதிகாரத்தின் கானல்வரியைத் தனியே பிரித்துப் படித்தால் அவை இனிய நெய்தல் பாட்டுகள். கதையில் அவை வரும் இடத்தில் வைத்துப் படித்தால்தான் கோவலனும் மாதவியும் பிரிவது தெரிகிறது. தங்கள் கட்டுரை செய்திருப்பது அப்படிப் பிரித்தெடுக்கும் வேலையைத்தான்.

நவோயா ஹதகெயாமாவுக்கு ஒதுக்கிய பக்கத்தில் இடிபாடுகள் நிறைந்த ஒரு சமவெளியின் படம் மட்டும் ‘ஆழிப்பேரலைக்குப் பின்’ என்ற குறிப்புடன் அச்சாகியுள்ளது. அதைப் பார்ப்பவர் அவரைச் செய்திப் படக்காரர் என்றே எண்ணுவார். 1958இல் இவாதே மாகாணத்தின் கடலோர ஊரான ரிகுசென்தகாதாவில் பிறந்த அவர், சுண்ணாம்புக்கல் சுரங்கங்களையும் ஆலைகளையும் தோக்கியோவின் கான்கிரீட் பரப்புகளையும் பல ஆண்டுகள் நிதானமாக அளந்தளந்து படமெடுத்தவர். மலையில் தோண்டிய குழியும் நகரத்தில் எழுந்த கட்டடமும் ஒரே படத்தின் நெகட்டிவும் பாசிட்டிவும் போன்றவை என்பது அவருடைய பார்வை. பிறந்த ஊரில் எடுத்த படங்கள் அந்தப் பெரிய வேலையில் சேராதவை. ஊருக்குப் போகும்போதெல்லாம் தமக்காக எடுத்து வைத்துக்கொண்டவை. 2011 மார்ச் 11 அன்று அலை அந்த ஊரை அடித்துச் சென்றது. அவருடைய தாயாரும் அதில் இறந்தார்.

அடுத்த ஆண்டு வெளிவந்த ‘கெசென்கவா’ என்ற அவருடைய நூலுக்கு அவ்வூர் ஆற்றின் பெயர். அதன் முற்பகுதியில் அலைக்கு முந்தைய படங்கள் வருகின்றன; அவற்றின் இடையிடையே, நிலநடுக்கத்துக்குப் பின் குடும்பத்தாரைத் தேடி மோட்டார் சைக்கிளில் வடக்கு நோக்கிப் போன பயணத்தை அவர் எழுதிச் செல்கிறார். ஆற்றங்கரை, தெரு, திருவிழா என்று எந்த வீட்டுப் படத்தொகுப்பிலும் இருக்கக்கூடிய காட்சிகள்தாம். ஆனால் அந்தத் தெரு இப்போது இல்லை என்பது வாசகருக்குத் தெரியும்; தாய் இருக்கிறாரா என்பது வண்டியில் போகும் மகனுக்குத் தெரியாது. இந்த இரண்டு அறிதல்களுக்கும் நடுவில்தான் ஒவ்வொரு பக்கத்தையும் புரட்ட வேண்டியிருக்கிறது. பிறகு எழுத்து நின்றுவிடுகிறது. அலைக்குப் பிந்தைய படங்கள் ஒரு சொல்லும் இல்லாமல் வருகின்றன. தாங்கள் அச்சிட்டிருப்பது அந்தச் சொல்லற்ற பகுதியின் காட்சியை. அதற்கு முன் வந்த சொற்கள் நீக்கப்பட்டபின் அது வெறும் மௌனமாகத் தெரிவதில் வியப்பில்லை.

அவர் அத்துடன் நிறுத்தவும் இல்லை. பின்னாளில் ரிகுசென்தகாதாவின் தாழ்நிலத்தைப் பத்து மீட்டருக்கும் மேல் உயர்த்துவதற்காக அருகிலிருந்த மலையை வெட்டி, அந்த மண்ணை நீண்ட கன்வேயர் பெல்ட்டில் ஊருக்குள் கொண்டுவந்து கொட்டினார்கள். மலையின் குழியும் நகரத்தின் மேடும் என்று அவர் வாழ்நாளெல்லாம் எங்கெங்கோ தேடிப் படமெடுத்த பொருளே அவருடைய சொந்த ஊருக்கு வந்து சேர்ந்தது. அந்த மாற்றத்தையும் அவர் ஆண்டுதோறும் போய்ப் படமெடுத்தார்.

லியெகோ ஷிகாவைப் பற்றிய பத்தியும் இவ்வாறே குறைப்பட்டுள்ளது. 1980இல் பிறந்த ஷிகா, 2008இல் மியாகி மாகாணத்தின் கிதகாமா என்ற கடலோரச் சிற்றூரில் குடியேறி, திருவிழாக்களையும் கூட்டங்களையும் பதிவு செய்யும் ஊர்ப் படக்காரராகவே இருந்தார். முதியவர்களின் வாழ்க்கைக் கதைகளையும் கேட்டுப் பதிவு செய்தார். அவர் படமெடுக்கும் அறையையும் 2011இன் அலை கொண்டுபோயிற்று. கரை ஒதுங்கிய குடும்பப் படங்களைப் பொறுக்கிச் சேர்த்து, கழுவி, உரியவர்களிடம் சேர்க்கும் வேலையில் அவரும் ஈடுபட்டார். ‘ரசென் கைகான்’, அதாவது ‘சுருள் கடற்கரை’ என்ற அவருடைய கண்காட்சி 2012இன் இறுதியில் செண்டாய் நகரின் மீடியாதேக் கலை மையத்தில் தொடங்கியபோது, பணியின் காரணமாக அந்நகரில் இருந்த எனக்கு அதைப் பார்க்க வாய்த்தது. இருநூறுக்கும் மேற்பட்ட பெரும் படங்கள் சுவரில் இல்லாமல் தரையில் சாய்ந்து நின்று, ஒரு சுருளாகச் சுழன்று சென்றன. ஒரு படத்தின் முன் நின்றால் மற்றொன்றின் முதுகுதான் கண்ணில் படும். ஊரார் நடித்து உருவாக்கிய அந்த இரவுக் காட்சிகளில் பல, அலை வருவதற்கு முன்பே எடுக்கப்பட்டவை. அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்து ‘பேரழிவின் பேய்க்கனவு’ என்று தாங்கள் தலைப்பிட்டிருப்பது காலவரிசையையே தலைகீழாக்குகிறது.

ரின்கோ கவாவுச்சியை ‘மென்மையின் கவிஞர்’ என்று கட்டுரை குறிப்பிடுகிறது. 2001இல் ஒரே நேரத்தில் மூன்று நூல்களை வெளியிட்டு அறிமுகமான அவருடைய படங்களில் ஒளி மென்மையானது என்பது மெய்தான். ஆனால் 2005இல் வந்த ‘குய் குய்’ தம் குடும்பத்தைப் பதின்மூன்று ஆண்டுகள் எடுத்த படங்களின் தொகுப்பு; தாத்தாவின் மரணமும் ஒரு குழந்தையின் பிறப்பும் சாப்பாட்டு மேசைக் காட்சிகளுக்கு நடுவே, தனித்த அறிவிப்பு எதுவும் இன்றி வந்து போகின்றன. மென்மை என்ற ஒரு சொல்லுக்குள் அந்த நூல் அடங்காது. மியாகோ இஷியுச்சியின் ‘ஹிரோஷிமா’ தொடரிலிருந்து ஒற்றைப் பூப்போட்ட ஆடையை மட்டும் போட்டதைத் தவிர்த்திருக்கலாம். தனியே பார்த்தால் துணிக்கடை விளம்பரம் போலிருக்கிறது. அணுகுண்டுக்கு இரையானவர்களின் உடைகளை அங்குள்ள நினைவு அருங்காட்சியகத்தில் ஒவ்வொன்றாக அவர் எடுத்துவருகிறார்; குடும்பங்கள் புதிதாக ஒப்படைக்கும் பொருள்கள் இன்னும் வந்துகொண்டிருப்பதால் அத்தொடர் முடியாமலே நீள்கிறது.

இடநெருக்கடி ஓர் ஆசிரியருக்கு எத்தகையது என்பதை அறியாமல் இதை எழுதவில்லை. எட்டுக் கலைஞர்களுக்கு எட்டுப் படங்கள் என்பதற்குப் பதிலாக, உரிய அனுமதி பெற்று, ஒரே நூலின் அடுத்தடுத்த எட்டுப் பக்கங்களை அவை இருக்கும் வரிசையிலேயே அச்சிட்டிருந்தால் இடம் கூடியிருக்காது என்பதை மட்டும் தங்கள் பார்வைக்கு வைக்கிறேன்.

மற்றொரு சிறு திருத்தம். 1968இல் தொடங்கிய ‘புரொவோக்’ என்ற ஒளிப்பட இதழின் நிறுவனர்களுள் ஒருவராக ஒளிப்படக் கலைஞர் தைதோ மொரியாமாவைக் கட்டுரை குறிப்பிடுகிறது. அவர் அதில் இணைந்தது இரண்டாம் இதழிலிருந்துதான். முதல் இதழில் அவருடைய படம் இல்லை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்.