மாடித் தொட்டிக்கு என்ன வைக்கலாம்?

மதுரை

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. மகள் பிரசவத்துக்கு வருகிறாள் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். இங்கே அனைவரும் நலம். முழங்கால் வலி தணிந்திருப்பதால் காலையில் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கிறேன்.

துளசிச் சாறு குடிக்க ஆரம்பித்த பிறகு சர்க்கரை மாத்திரையைப் பாதியாக்கிவிட்டதாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறாயே, அதிலிருந்து எனக்கு மனம் சரியில்லை. துளசியின்மீது எனக்கும் பிரியம் உண்டு. அது இரத்தச் சர்க்கரையைக் கொஞ்சம் குறைக்கலாம் என்று காட்டும் ஆய்வுகளும் இருக்கின்றன. ஆனால் அவை குறைந்த பேரை வைத்துக் குறுகிய காலம் நடத்திய சிறிய ஆய்வுகள். அவற்றை நம்பி மாத்திரையில் கை வைக்கக் கூடாது, சண்முகம். உடனே மருத்துவரைப் பார். சாறு குடிப்பதையும் மறைக்காமல் சொல்; மாத்திரையும் சாறும் சேர்ந்து சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடவும் கூடும். பார்த்த அன்றே எனக்குப் போன் செய்.

மாடித் தொட்டிக்கு என்ன வைக்கலாம் என்று கேட்டிருந்தாய். முதலில் ஓமவல்லி வை. இதைப் போன்ற மணமுள்ள செடிகளின் இலைமேல் கண்ணுக்குத் தெரியாத சுரப்பிகள் இருக்கின்றன. பூச்சிகளை விரட்டச் செடி அவற்றில் எண்ணெயைச் சேர்த்து வைக்கிறது. நாம் கசக்கும்போது அவை உடைந்து மணக்கின்றன. ஓமவல்லி ஓமம் போல மணப்பதற்குக் காரணம், இரண்டிலும் தைமால் என்ற பொருள் இருப்பதுதான். வாய் கொப்பளிக்கும் மருந்துகளிலும் அதைச் சேர்க்கிறார்கள், கிருமிகளைக் கட்டுப்படுத்தும் என்பதால். அதற்காக இரண்டு இலை மென்றால் சளி ஓடிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். தொண்டைக்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான். கஷாயம் போடும்போது இலையைத் திறந்த பாத்திரத்தில் கொதிக்கவிடாதே. எண்ணெயெல்லாம் ஆவியோடு போய்விடும். கொதித்த நீரை இலைமேல் ஊற்றி மூடி வை.

புதினாவைப் பற்றித்தான் நிறையக் குழப்பம். குடல் எரிச்சல் நோய்க்கு மிளகுப்புதினா எண்ணெய் பயன்படுகிறது என்பதற்கு ஓரளவு சான்று உண்டு; அமெரிக்கக் குடல்நோய் மருத்துவர்களின் சங்கமே 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் அதைச் சேர்த்திருக்கிறது. ஆனால் அந்தப் புதினாவில் இருப்பது மென்தால் என்ற குளிர்ச்சியான பொருள். நாம் சட்னி அரைக்கும் புதினா பெரும்பாலும் வேறு வகை. அதன் மணம் கார்வோன் என்ற பொருளால் வருவது, மென்தால் அதில் மிகக் குறைவு. உத்தரப் பிரதேசத்தில் பாராபங்கிப் பக்கம் ஏக்கர் ஏக்கராகப் பயிரிடும் மென்தால் புதினாவோ இன்னொரு வகை. ஒன்றுக்குச் சொன்ன பலனை மற்றொன்றின் தலையில் ஏற்றுவதை நாள்தோறும் பார்க்கிறேன், எரிச்சலாக வருகிறது. உனக்கு நெஞ்செரிச்சல் வேறு உண்டு. மிளகுப்புதினா இரைப்பையின் மேல்வாயைத் தளர்த்துவதால் அது கூடலாம். ஆகவே அந்த எண்ணெய்க் குப்பிகளை வாங்காதே. சட்னியை ஆசை தீரச் சாப்பிடு.

தங்கச்சிக்கு இதய வால்வு அறுவை சிகிச்சைக்குப் பிறகு இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் தருகிறார்கள் அல்லவா? கொத்தமல்லி போன்ற பச்சை இலைகளில் இரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே அதிகம். அந்த மருந்து வேலை செய்வதே வைட்டமின் கேவைத் தடுத்துத்தான். கீரையை விட வேண்டியதில்லை. ஒரு வாரம் கட்டுக்கட்டாகவும் மறுவாரம் இல்லாமலும் சாப்பிடாமல், ஒரே சீராகச் சாப்பிடச் சொல். தொட்டியில் தழைத்துவிட்டது என்று திடீரென்று அளவைக் கூட்ட வேண்டாம்.

குழந்தை பிறந்ததும் சளி என்றால் பாட்டிமார் கற்பூரத் தைலத்தோடு வருவார்கள். நீ கண்டிப்பாக இரு. கற்பூரம் சிறு குழந்தைகளுக்கு வலிப்பை வரவழைக்கக்கூடியது. மென்தாலும் அவர்கள் மூச்சுக்கு நல்லதல்ல. பெரியவர்களான நமக்கேகூட மென்தால் மூக்கடைப்பைத் திறப்பதில்லை. குளிரை உணரும் நரம்பைத் தூண்டுகிறது. காற்று தாராளமாகப் போவதுபோல் தோன்றுகிறது. தலைபாரமாக இருக்கும்போது எனக்கு அதுவும் வேண்டியிருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை.

தம்பி மகன் அடுத்த வாரம் கோவைக்கு வருகிறான். ஓமவல்லித் தண்டுகள் கொடுத்தனுப்புகிறேன். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, ஒரு கணு மண்ணுக்குள் போகும்படி ஊன்று. மண் காய்ந்த பிறகே தண்ணீர் ஊற்று, இல்லாவிட்டால் அழுகிவிடும். திருநீற்றுப்பச்சிலை விதையும் கொஞ்சம் வைக்கிறேன்.

அன்புடன்,
ராஜு